ஸைனுலாப்தீன் பேதி கொடுத்த காதை

வாழிய ஸைனுலாப்தீன்! மலைகள் அரணாய்ச் சூழ ஆழ்கடல் அடங்கிக் கிடக்கும் திருகோணமலைத் துறைமுகத்தில், கடல்பல தாண்டி வந்து நங்கூரமிட்ட இரும்புப் பெருங்கலங்களின் வயிற்றினுள் மலைநாட்டுத் தேயிலைப் பெட்டிகளை வின்ச் என்னும் விசைப்பொறியின் கொக்கியால் அள்ளி அள்ளி இறக்கும் திண்தோள் வேந்தே, வாழிய! வாடைக்காற்று கொக்கியைப் பிடித்து உலுக்கினும் கை பிசகாதோய், கங்காணி கீழே நின்று தொண்டை கிழியக் கத்தினும் பிடியை விட்டு விரல் எடாதோய், மூன்று பெண்மக்களைப் பெற்றும் தலைமயிர் நரையாதோய், வாழிய, வாழிய! எத்தனையோ கப்பல் கண்டும் அஞ்சாத நீ, ஒரு சிறு கோப்பை ஆமணக்கெண்ணெயை ஆறு வயதுப் பெண்ணொருத்தியின் தொண்டைக்குள் இறக்குவதற்கு ஒரு காலைப் பொழுதில் பட்ட பாட்டை நாம் பாடப் போகிறோம். கேட்போர் சிரிக்க வேண்டாம். சிரிப்பவர் தம் வீட்டில் ஒரு நாள் கொடுத்துப் பார்க்கட்டும்.

வீரன் ஆண்ட நாடு கடற்கரையை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு கிணறு, ஒரு கொய்யா மரம், முற்றத்தின் கோடியில் தகரக் கதவு போட்ட கக்கூசு ஒன்று. அவ்வளவே அதன் எல்லை. அதுவும் சீதனமாக வந்த வீடாதலால் முறைப்படி அது அரசி ரபீக்காவின் நாடு. வீரன் அங்கே குடிபுகுந்த மாப்பிள்ளை. அந்நாட்டின் இளவரசியர் மூவர். மூத்தவள் றஹ்மா, கதையால் கல்லையும் கரைப்பவள். நடுவிலாள் உம்மு குல்சும், நியாயத்தின் உறைவிடம், அக்காளின் பீங்கானில் கிடக்கும் மீன் துண்டு தன் துண்டைவிட நகமளவு நீளமென்றாலும் வழக்கைத் தொடங்கிவிடுபவள். கடைக்குட்டி அசனா. அவள் அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

அந்த அசனா சோறு தின்னாமல் விட்டதே இப்பெரும்போருக்குக் காரணமாயிற்று. அறுபத்தேழாம் ஆண்டு ஆவணி விடுமுறை நெருங்கிய நாட்களில், மலரினும் மெல்லிய அக்குழந்தை ஊட்டிய சோற்றை வலக் கன்னத்தில் ஒதுக்கி, நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது வாய்க்குள் போனதைப் பின்னேர அஸர் பாங்கு வரைக்கும் அப்படியே வைத்திருக்கும் அரிய கலையில் தேர்ச்சி பெற்றிருந்தாள். பொரித்த மீன் பூனைக்குப் போயிற்று. முட்டை வாடிக் காய்ந்தது. நித்திரையில் பல்லை நறநறவென்று கடித்தாள். குளிப்பாட்டும்போது விலா எலும்புகள் கையில் தட்டுப்பட்டன. ரபீக்கா ஒரு நாள் குசினிக்குள் அடுப்பு ஊதும் சாக்கில் அழுதாள், பிறகு சாக்கில்லாமலே அழுதாள். “இந்தப் புள்ள தேஞ்சி போகுது. எனக்குப் பயமா இரிக்கி” என்று அவள் சொன்ன அன்று, வீரனுக்கும் சோறு இறங்கவில்லை.

அப்போதிக்கரி சோமசேகரம் குழந்தையின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், பின்வரும் பிரகடனத்தைச் செய்தார்: “வயித்தில பூச்சி. மூண்டு பிள்ளையளுக்கும் ஒரே நாளில பேதி குடுங்கோ. இவவுக்கு மட்டும் குடுத்துப் பிரயோசனம் இல்லை, மற்றதுகளிட்ட இருந்து திரும்பத் தொத்தும். பூச்சி போனாத்தான் பிள்ளை சாப்பிடும்.” இதில் மேல்முறையீடு கிடையாது. விடுமுறை விட்ட முதல் நாளே பேதி என்பது அவ்வூர்ப் பிள்ளைகள் எல்லார்க்கும் பொதுவான விதியுமாம்.

பேதி கொடுக்கும் பொறுப்பு அதுகாறும் அரசியினுடையது. ஆனால் முந்திய விடுமுறையில் அவள் அசனாவின் மூக்கைப் பொத்தி, வாயைப் பிளந்து, எண்ணெயை வார்த்த வேளையில், வார்த்தது முழுவதும் வந்த வழியே திரும்பிப் பெருநாள் சாரியின் மேல் பாய்ந்ததை அவள் இன்னும் மறக்கவில்லை. சாரியைத் துவைத்துத் துவைத்து அவள் கைதான் வெளுத்தது. “இந்த முற நீங்கதான் குடுக்கணும், எனக்கு ஏலா” என்று அவள் கை விரித்தாள். வீரன் மீசையைத் தடவிக்கொண்டான். “கப்பலுக்குள்ள தொன் கணக்கில இறக்குறவன் நான். இது ஒரு கோப்ப எண்ணெய்” என்று அவன் முழங்கினான். அந்தச் சொல் கொய்யா மரத்தடியில் வீடு கட்டி விளையாடிக்கொண்டிருந்த மூவர் காதிலும் விழுந்தது.

விடிந்தது விடுமுறையின் முதல் நாள். ஸுஹைர் கடையிலிருந்து வந்த ஆமணக்கெண்ணெய்ப் போத்தல், மஞ்சள் படிந்து, பிசுபிசுத்து, மூடியைத் திறக்கும்போதே குடலைப் புரட்டும் நாற்றத்தோடு அலுமாரியினின்றும் இறங்கி மேசையேறியது. அதற்குத் துணைப்படையாக இஞ்சி போட்ட கோப்பி கொதித்தது. பின்னணியில் உரித்த தோடம்பழச் சுளைகள் பீங்கானில் அணிவகுத்தன. இஞ்சி மணம் எழுந்த கணமே மூன்று குமரிகளுக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது. அவர்கள் அறைக்குள் கூடி, கதவை ஒருக்களித்து, குசுகுசுவென்று மந்திராலோசனை நடத்தினர். வெளியே வந்தபோது றஹ்மாவின் முகத்தில் அப்படியொரு பணிவு இருந்தது. பெற்றவர்கள் அந்தப் பணிவைக் கண்டால் உசாராக வேண்டும். ஸைனுலாப்தீன் உசாராகவில்லை.

இங்கே வீரனின் தொழில் முறையொன்றைச் சொல்லியாக வேண்டும். பாரம் கட்டுமுன் வெறுங்கொக்கியை ஒரு தடவை தூக்கி இறக்கிப் பார்ப்பது வின்ச்சுக்காரரின் கட்டாயக் கடமை. கப்பலின் ஒரு கிடங்கில் பார்த்துவிட்டேன் என்று அடுத்த கிடங்கில் பார்க்காமல் விடவும் கூடாது. ஒவ்வொரு கிடங்குக்கும் ஒவ்வொரு வெள்ளோட்டம். இம்மறையை ஸைனுலாப்தீன் சோறு தின்னும் நேரமெல்லாம் மக்களுக்கு ஓதி வந்தான். “வெறுங்கொக்கி தூக்கிப் பாக்காதவன நம்பிக் கீழ நிக்கப் படாது” என்று அவன் சொல்லாத நாளில்லை. கால் கழுவு என்றாலும் காதில் வாங்காத அம்மூவரும், அந்த ஒன்றை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

முதற்போர் மூண்டது. றஹ்மா கதிரையில் வந்து, கைகட்டி, தலை குனிந்து அமர்ந்தாள். வீரன் கோப்பையை நீட்டினான். அவள் அதைக் கண்ணால் கண்டாள், மூக்கால் முகர்ந்தாள், பின் தேனினும் இனிய குரலில் இவ்வாறு மொழிந்தாள்: “நான் குடிக்கிறன் வாப்பா. எண்டாலும் நீங்க வெள்ளோட்டம் பாக்கல்லயே. பாக்காம எப்படி வாப்பா நம்புற?” ஐயகோ, தன் வாளே தன் மார்பில் பாய்ந்ததைப் போல் வீரன் நின்றான். மறுத்தால், தினந்தினம் ஓதிய மறை பொய்யாகும். மக்கள் முன்னே தகப்பன் பொய்யன் ஆவான். அப்படியாவதிலும் எண்ணெய் குடிப்பது மேல் என்று அந்த மானமுள்ளவன் கருதினான். “சரி, ஊத்துங்க” என்றான். றஹ்மா ஊற்றினாள். வாப்பா பெரிய ஆள் என்பதால் பெரிய கோப்பையில் ஊற்றினாள்.

அவன் குடித்தான். அந்த எண்ணெய் நாக்கில் ஊர்ந்து, தொண்டையில் தயங்கி, நெஞ்சில் ஒரு முறை திரும்பிப் பார்த்து, பிறகு மெல்ல மெல்ல இறங்கிச் சென்றது. கண்ணில் நீர் முட்டியது. ஆயினும் முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல், “பாயாசம் மாதிரித்தான் இரிக்கி” என்று கூசாமல் சொன்னான். றஹ்மா வாக்குத் தவறாதவள். தன் கோப்பையை ஒரே மூச்சில் விழுங்கி, கோப்பியை மேலே ஊற்றி, தோடஞ்சுளையைக் கௌவிக்கொண்டு எழுந்தாள். முதற்கோட்டை வீழ்ந்தது. வீரன் நெஞ்சு நிமிர்ந்தது.

இரண்டாம் போருக்கு உம்மு குல்சும் வந்தாள். இவள் அழவில்லை, கெஞ்சவில்லை. ராத்தாவாகிய றஹ்மாவைக் கை காட்டி, வக்கீலைப் போல் நின்றுகொண்டே பேசினாள். “அது ராத்தாட கிடங்கு, வாப்பா. என்ட கிடங்குக்கு நீங்க இன்னும் வெள்ளோட்டம் பாக்கல்ல.” ஊரில் எந்த வழக்குக் கோட்டிலும் இந்த வாதம் நின்றிருக்கும். வீரன் துணை தேடிக் குசினிப் பக்கம் பார்த்தான், அரசி அங்கே கிடுகிடுவென்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நீதிக்குத் தலை வணங்கி அவன் இரண்டாம் பெருங்கோப்பையையும் ஏந்தினான். இந்தத் தடவை பாயாசம் என்று சொல்ல அவனுக்கு நா எழவில்லை. நடுவிலாள் குடித்தாள். குடித்துவிட்டு, அக்காளுக்குக் கிடைத்த சுளைகளைக் காட்டிலும் ஒரு சுளை கூடக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்நேரம் அரசி குசினியினின்றும் வெளிப்பட்டாள். மேசையில் இருந்த பெரிய கோப்பையைக் கண்டாள். போத்தலில் எண்ணெய் இறங்கியிருந்த அளவைக் கண்டாள். கணவனின் உதட்டில் மினுங்கிய எண்ணெயையும் கண்டாள். “நீங்க என்ன வேல பாத்துவெச்சிரிக்கீங்க” என்றாள். “வெள்ளோட்டம்” என்றான் வீரன். இவ்வளவு பெரிய ஆம்பிளைக்கு இவ்வளவு சின்ன அறிவா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் கேட்டுவிட்டு, வயிற்றைக் கட்டத் தயிர் வாங்கப் பக்கத்து வீட்டு அபூதாஹிரைக் கிண்ணியாக்குப் போகும் தோணித்துறைக்கு அனுப்பலாமா என்று யோசித்தபடி உள்ளே திரும்பினாள்.

இனி மூன்றாம் போர். கட்டிலுக்கடியில், பழைய பாய்ச் சுருளுக்கும் சுவருக்கும் நடுவே, வெளிச்சம் புகா இருட்கோட்டையில் அசனா குடியிருந்தாள். வீரன் குப்புறப் படுத்து ஊர்ந்து சென்று அவளை மீட்டுக் கொணர்ந்தான். மடியில் இருத்தினான். அவள் எந்த வாதமும் செய்யவில்லை. பெரிய கோப்பையைச் சுண்டுவிரலால் தொட்டுக் காட்டினாள். அவ்வளவுதான். மூன்றாம் வெள்ளோட்டமும் நடந்தேறியது. வீரன் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, மூன்றாம் கோப்பையை முடித்து வாயைத் துடைத்தபோது, குழந்தையும் நேர்மையாக வாயைத் திறந்தாள். சிறு கோப்பை எண்ணெய் முழுவதும் உள்ளே போயிற்று. அரசி குசினி வாசலில் நின்று மூச்சு விட்டாள். வென்றோம் என்று வீரன் வாயெடுக்குமுன், குழந்தையின் வலக் கன்னம் கொய்யாக் காயைப் போல் உருண்டு புடைப்பதை இருவரும் கண்டார்கள்.

அவள் விழுங்கவில்லை. லுஹர் முதல் அஸர் வரை சோற்றை அடக்கிய அந்தக் கன்னம், எண்ணெயையும் அடக்கிக்கொண்டது. துப்பவுமில்லை, விழுங்கவுமில்லை, இரண்டு கண்ணையும் அகல விரித்துத் தகப்பனைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கொஞ்சம் கண்ணெடுத்தால் போதும், எண்ணெய் கட்டிலடிக்குப் போய்விடும் என்பது வீரனுக்குத் தெரியும். தூக்கி உலுக்கினால் சாரியின் கதைதான். ஆகவே அவன் பெருஞ்சூளுரைத்தான்: “நீங்க முழுங்குமட்டும் வாப்பா இந்த இடத்த விட்டு எழும்ப மாட்டன்.” உரைத்த சொல் காற்றில் கரையுமுன், அவன் வயிற்றினுள், முதற்கோப்பை கண் விழித்தது.

கேட்போரே, இதுவரை நாம் பாடியதெல்லாம் சும்மா. போர் இப்போதுதான் தொடங்குகிறது. ஒரு பக்கம் கன்னம், ஒரு பக்கம் வயிறு. எது முதலில் தோற்கும் என்பதே கேள்வி. தொலைவில் இடி முழங்குவதுபோல் வீரனின் குடலில் ஒரு முழக்கம் எழுந்து, சுற்றிச் சுழன்று, அடங்கிற்று. முற்றத்தில் றஹ்மா கக்கூசை நோக்கி விரைந்து சென்று தகரக் கதவைப் படாரென்று சாத்தும் ஓசை கேட்டது. அந்த ஓசையில் வீரனின் உள்ளம் ஒரு முறை துள்ளியது. இரண்டாம் கோப்பையும் எழுந்து முதற்கோப்பையோடு கைகோத்தது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது. கால்விரல்கள் தாமாக மடங்கின. பல்லைக் கடித்தான், இடுப்புச் சாரனை இறுக்கிப் பிடித்தான், கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தான். முற்றத்தில் உம்மு குல்சும் தகரக் கதவைத் தட்டி, தன் முறை வந்துவிட்டதென்று வழக்காடும் குரலும் கேட்டது. அசனாவின் கன்னம் அசையவில்லை.

அப்பொழுது அவ்வீரன், ஆயுதங்கள் அனைத்தும் ஒடிந்தவனாய், பிரகடனங்களைக் கைவிட்டான். குழந்தையின் முகத்துக்குக் கிட்டே குனிந்து சாதாரணக் குரலில் பேசினான். “மகள், நீங்க சோறு தின்னாத நாளையில இருந்து வாப்பாக்கு வேல ஓடல்ல. கொக்கிய இறக்கக்குள்ளயும் உங்கட முகந்தான் கண்ணுக்குள்ள நிக்கிது. உங்களுக்கு ஏதும் ஒண்டு ஆகிடுமெண்டு பயமா இரிக்கி. வேற ஒண்டுமில்ல, புள்ள.” இதைச் சொல்லி முடிக்கும்போது மூன்றாம் கோப்பையும் எழுந்தது. வீரனின் முகம் கோணிற்று. உதடு வெளுத்தது. கண்கள் கலங்கி வழிந்தன. அது வயிற்று நோவா, மனநோவா என்று அவனுக்கே தெரியாது. இரண்டும் சேர்ந்தே வழிந்திருக்கும்.

அசனா அதைப் பார்த்தாள். வாப்பா அழுவதை அவள் பார்த்ததில்லை. அவள் புருவம் நெரிந்தது. எதையோ கேட்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றிற்று. கேட்பதற்கு வாய் வேண்டியிருந்தது. வாயிலோ எண்ணெய் இருந்தது. எத்தனையோ நாள் எவருக்கும் பணியாத அக்கன்னம் ஒரு கணம் தயங்கியது. பின்னர், குடக்கென்ற ஒரு சிற்றொலியோடு, அவள் விழுங்கினாள்.

“வாப்பா, உங்களுக்கு வகுத்து வலியா” என்று அசனா கேட்டாள்.

“ஓம் மகள்” என்றான் வீரன். வேறு ஒரு சொல்லும் சொல்ல அவனுக்கு அவகாசமில்லை. குழந்தையை அரசியின் கையில் கொடுத்தான். கொடுத்த கை கீழே இறங்குமுன் முற்றத்தில் நின்றான். அங்கே கக்கூசுக் கதவு உட்புறம் பூட்டியிருந்தது. வாசலில் உம்மு குல்சும் கால் மாற்றி மாற்றி நின்று காவல் செய்தாள். “வரிசையில வாங்க வாப்பா” என்று நியாயத்தின் உறைவிடம் நவின்றது. அவளோடு வழக்காடும் நிலையில் வீரன் இல்லை. வாளியைக் கவர்ந்தான், சாரனைத் தூக்கினான், பின்வேலியின் ஓட்டைப் பொட்டுக்குள் புகுந்து அபூதாஹிரின் வளவுக்குள் பாய்ந்தான். அங்கே கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டிருந்த அபூதாஹிர், “என்ன மச்சான், கப்பல் வந்திட்டா” என்று கேட்டார். பதில் சொல்லாமல் ஒருவர் தம்மைக் கடந்து போனது அவருக்கு அன்றைக்கு முழுவதும் மனவருத்தமாக இருந்ததாம்.

அதற்குப் பின் நிகழ்ந்தவற்றை விரித்துப் பாடுதல் காவிய மரபன்று. சுருங்கச் சொன்னால், அன்றைய பகல் முழுவதும் இரு வளவுகளுக்கும் இடையே வேலிப் பொட்டு ஓயவில்லை. குமரியர் மூவரும் நண்பகலுக்குள் எழுந்து நடமாடினர்; அசனாவின் வயிற்றுப் பகைவர் கூட்டமும் ஒழிந்ததென்று அரசி நேரிற் கண்டு உறுதி செய்தாள். வீரனோ மூன்று பேருக்குமான பேதியைத் தான் ஒருவனே கண்டான். பின்னேர முறை வேலைக்குப் போக ஏலாமல், குடாவில் நின்ற கப்பல் ஆளில்லாமல் ஊதி ஊதி அழைக்க, கட்டிலில் கிழிந்த பாயைப் போல் கிடந்தான். அரசி தயிர் கரைத்துக் கொடுத்தாள். “இனிமேல் நானே குடுக்கிறன்” என்றும் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

மேற்கே மலைகளின் பின் கதிரவன் இறங்க, துறைமுக நீரெல்லாம் உருக்கிய செம்பாய்ச் சிவக்க, தோணிகள் கரை தேட, பள்ளிவாசலின் மினாரா விண்ணளந்து நிற்க, ஆமணக்கெண்ணெயின் வெம்படையை மூன்று முறை தன் உடலுக்குள் வரவேற்றும் ஒரு முறையும் முகம் சுளிக்காதது போலவே நடித்த பெருவீரன், கடலும் கப்பலும் கங்காணியும் தன்னை மறந்துபோன அந்த மாலைப் பொழுதில், கண் திறக்கவும் வலுவின்றி, குசினியில் புளியாணம் கொதிக்கும் மணத்தை மட்டும் மூக்கால் கண்டுகொண்டு, பீங்கான்கள் வைக்கும் ஓசைக்குக் காது கொடுத்துக் கிடந்தான்.

அசனா தன் பீங்கானை நீட்டி, இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.